புளி போட்டுத் தேய்த்த கத்தி

வணக்கம் நேயர்களே. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவுக்கு வந்து இந்த ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் லேத் இயந்திரத்தோடு நின்றவன். அதனால்தானோ என்னவோ, ஆசையும் இரும்பு மேலேயே வந்துவிட்டது. பழைய ராணுவக் கத்திகள் சேர்க்கிறேன். அதிலும் துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி, பெயோனெட். பழைய பத்திரிகைத் தமிழில் அதைத் துப்பாக்கிச் சனியன் என்று எழுதுவார்கள். உருதுவில் சங்கீன், அதுதான் நம் வாயில் சனியன் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரம்மாவைக் கேட்டால் பெயர் ரொம்பப் பொருத்தம் என்பார்.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பழைய கத்தி கையில் கிடைத்தால் தேய்க்காதீர்கள். மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் முதலில் வந்த கத்தி, சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்து லயத்தில் கூரை இடுக்கில் கிடந்தது. ஜப்பான்காரன் போனபிறகு தாத்தா எங்கேயோ கண்டெடுத்தது. அவர் அதை வைத்து மரவள்ளிக் கிழங்கு தோண்டினார், தேங்காய் உரித்தார். நுனி மழுங்கிவிட்டது. நான் எண்ணெய்த் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில், அலகின் மேல், பீரங்கிக் குண்டுகளை அடுக்கி வைத்த மாதிரி சின்ன வட்டங்கள். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அது ஆயுதச்சாலை முத்திரை. தோக்கியோவும் பிறகு கொக்குராவும் குத்தியது. ஜப்பானிய 30ஆம் வகைக் கத்தி. ஜப்பான் பேரரசர் மெய்ஜி ஆட்சியின் 30ஆவது ஆண்டு, அதாவது 1897, அதில் வந்ததால் அந்தப் பெயர். அலகு மட்டும் 40 சென்டிமீட்டர். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் அப்பாவின் ரப்பர் பால்வெட்டுக் கத்தி, பக்கத்தில் என் கத்தி. பளபளவென்று, கடையில் வாங்கிய சமையல் கத்தி மாதிரி. மேலே குங்குமப் பொட்டு. அத்தை புளியும் செங்கல் தூளும் போட்டு, தேங்காய் நாரால் ஒரு மணி நேரம் தேய்த்திருக்கிறார். "சாமி முன்னால துருப்பிடிச்ச கத்தியை வைக்கலாமாடா தம்பி?" என்றார். முத்திரையைத் தேடினேன். ஐந்து பார்வைக்கு ஒருமுறை தெரிகிறது. பிடியின் தலையில் இருந்த எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் போயே போய்விட்டது.

நான் கத்தியிருக்கக்கூடாது. கத்திவிட்டேன். அத்தை அமைதியாக இருந்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னார். ஜப்பான் காலத்தில் அவருக்கு ஒன்பது வயது. அவருடைய சித்தப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போட லாரியில் ஏற்றிய அன்று, வரிசையைச் சரிபண்ணியவன் இடுப்பில் இதே மாதிரி ஒன்று தொங்கியதாம். சித்தப்பா திரும்பவில்லை. "அன்னைக்கு அதை நிமிர்ந்து பார்க்கப் பயம். இப்ப என் சாமி காலடியில கிடக்கட்டும்."

அந்தக் கத்தியை நான் இன்னும் விற்கவில்லை. குங்குமம் பிடித்த இடத்தில் ஒரு சிவப்பு நிழல் இருக்கிறது.

சரி, ஏன் தேய்க்கக்கூடாது? வீட்டில் பழகிய தோசைக்கல்லை யாராவது கம்பி நார் போட்டுத் தேய்ப்பார்களா? பழைய எஃகின் கறுப்பும் அப்படித்தான். உதிர்கிற சிவப்புத் துரு வேறு. அது இரும்பைத் தின்னும், அதை எண்ணெய் விட்டு மெதுவாக எடுக்கலாம். கறுத்த தோலை விட்டுவிடுங்கள். எந்த ஆலை, எந்தக் காலம் என்பதெல்லாம் அந்தத் தோலிலும் அதற்குள் இருக்கும் குத்துகளிலும்தான்.

அந்தச் சேதி எவ்வளவு என்று பாருங்கள். ஆரம்பகால 30ஆம் வகையில், பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கிற கைக்காப்பு கொக்கி மாதிரி வளைந்திருக்கும், அலகில் நீளப் பள்ளம் இருக்கும், உறை உலோகம். போர் தோற்கத் தோற்க கொக்கி நேராகிறது, பள்ளம் காணாமல் போகிறது, உறை மரமாகிறது. இரும்புப் பஞ்சத்தைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அந்தப் பள்ளத்தை ரத்தம் ஓடும் வாய்க்கால் என்பார்கள், நம்பாதீர்கள். எடையைக் குறைக்கத்தான் அது. தண்டவாளத்துக்கு இடுப்பு ஒல்லியாக இருப்பதில்லையா, அந்தக் கணக்கு.

இன்னொன்று. பிரிட்டிஷ்காரர்களின் 1907 மாதிரிக் கத்தி, 17 அங்குல அலகு, இந்த ஜப்பான் கத்தியைப் பார்த்துச் செய்ததுதான். அதிலும் முதலில் கொக்கி இருந்தது, 1913இல் எடுத்துவிட்டார்கள். 1941 டிசம்பர் கடைசியில் பேராக்கின் கம்பாரில் சண்டை தொடங்கியது. இன்றைக்கு நாம் கோழிக்கறி ரொட்டி வாங்க நிற்கிற அதே கம்பார். அங்கே பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்கள் கத்தி மாட்டிக்கொண்டு மேட்டில் பாய்ந்தார்கள். அவர்கள் கையிலும் எதிரி கையிலும் இருந்தது அண்ணன் தம்பிக் கத்திகள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்கிற தங்கை இரண்டு விரலைக் காட்டுகிறார், இன்னும் இரண்டு நிமிடம்தான். போலிகளைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. சுருக்கமாக: அமிலத்தில் ஊறப்போட்ட புதுக்கத்தியில் துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையான பழசு அப்படி இருக்காது. கைபட்ட இடமும் உறைக்குள் இருந்த இடமும் வேறு வேறு நிறம். பினாங்கு லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கினால் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சட்டம் மிக முக்கியம். பொது இடத்தில் தக்க காரணமில்லாமல் ஆயுதத்தோடு திரிந்தால் மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய சட்டப்படி சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. வாங்குவதற்கு முன்னாலேயே போலீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். காரில் போட்டுக்கொண்டு நண்பர்களுக்குக் காட்டக் கிளம்பாதீர்கள்.

ஒரு விரல் ஆகிவிட்டது. தோல் உறைக்குள் கத்தியை வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோலும் நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்து எஃகை அரித்துவிடும். உறை தனி, கத்தி தனி. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். அப்புறம், தேய்க்காதீர்கள். ஆயுத பூஜைக்கும்தான்.