மோனோ ரெக்கார்டை மோனோவாவே கேளுங்க – 340 ரூபாயில முடியுற வேலை

வணக்கம் மக்களே. இந்த வாரம் இங்கிலாந்து ராக் இசைக்காரர் பில்லி சைல்டிஷ் பத்தின வீடியோன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும். நேத்து ஒரு பார்சல் வந்துச்சு, பிரிச்சுக் கேட்டதுல இருந்து கோவம் அடங்கல, அதைப் பேசாம வேற எதுவும் பேச வராது.

அறுபதுகள்ல வந்த அமெரிக்க கராஜ் (கரடுமுரடான ராக்) பாட்டுங்க பதினாலு இருக்கிற ஒரு தொகுப்பு ரெக்கார்டு. புது அச்சு, 180 கிராம், அட்டையெல்லாம் பளபளன்னு. யார் போட்டதுன்னு சொல்லப் போறதில்ல. மேல ஒரு ஸ்டிக்கர்: ‘முழு ஸ்டீரியோ’. அதைப் பார்த்ததுமே வயித்தைக் கலக்கிருச்சு. ஸ்டீரியோன்னா ரெண்டு பக்கமும் வேற வேற ஒலி, மோனோன்னா ரெண்டு பக்கமும் ஒரே ஒலி; இதுல முக்கால்வாசி பாட்டு மோனோவுல மட்டும்தான் வந்துச்சு. இல்லாத ஸ்டீரியோ எங்கேருந்து வந்துச்சு?

வந்த வழி இதுதான். மோனோ டேப்பை ரெண்டா பிரிப்பாங்க. ஒரு பக்கம் பேஸை வெட்டிடுவாங்க, இன்னொரு பக்கம் ட்ரெபிளை வெட்டிடுவாங்க. அப்புறம் ஒரு பக்கத்தைச் சில மில்லிசெகண்ட் தள்ளிவிடுவாங்க. காதுக்கு ரெண்டு பக்கமும் வேற மாதிரி கேட்கும், அதுக்குப் பேர் ஸ்டீரியோ. கேபிடல் ரெக்கார்டு கம்பெனி 1961-லயே இதை ‘டுயோஃபோனிக்’னு பேர் வச்சு வித்துச்சு. அப்போ கடையில ஸ்டீரியோன்னு போட்டாத்தான் ஓடும், அதுவாச்சும் புரியுது. இன்னைக்கு எதுக்கு?

சரி, உங்ககிட்ட இருக்கிற ரெக்கார்டு நிஜ மோனோவா, போலி ஸ்டீரியோவான்னு வீட்லயே பார்த்துடலாம். ஆடாசிட்டிங்கிற ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேர் போதும், இலவசம். பாட்டை ஸ்டீரியோவாவே பதிவு பண்ணுங்க, ஒரு நிமிஷம் போதும். ட்ராக் மெனுவுல ஸ்டீரியோவை ரெண்டு மோனோ ட்ராக்கா பிரிங்க. ஒண்ணை மட்டும் செலக்ட் பண்ணி எஃபெக்ட்ல ‘இன்வெர்ட்’ குடுங்க, ஒலி அலை தலைகீழாகிடும். ரெண்டையும் சேர்த்து ஓடவிடுங்க.

நிஜ மோனோவா இருந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். பாட்டு காணாமப் போயி கிரக்குச் சத்தமும் மோட்டார் உறுமலும் மட்டும் மிஞ்சும். நிஜ ஸ்டீரியோவா இருந்தா நடுவுல இருக்கிற பாடகர் போயிடுவார், ஓரத்துல இருக்கிற கிடார் நிக்கும். போலியா இருந்தா பாடகர் போகவே மாட்டார், தகர டப்பாவுக்குள்ள இருந்து பாடுற மாதிரி அப்படியே நிப்பார். நேத்து வந்த தொகுப்புல பதினாலுக்குப் பதினொண்ணு தகர டப்பா.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன், இது முக்கியம். இன்வெர்ட் பண்ணினதும் ரெண்டு ட்ராக்கோட அளவையும் சமமாக்கணும். நம்ம கார்ட்ரிட்ஜ் (ஊசியோட அசைவை மின்சாரமா மாத்துற பாகம்) எதுவும் ரெண்டு பக்கமும் ஒரே அளவு குடுக்காது, ஒண்ணு ரெண்டு டெசிபல் வித்தியாசம் சகஜம். அப்படியே கழிச்சீங்கன்னா நல்ல மோனோ ரெக்கார்டுலயும் பாட்டு லேசா மிஞ்சும், போலின்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடுவீங்க. ஓடவிட்டுக்கிட்டே ஒரு ட்ராக்கோட கெயின் (ஒலி அளவு) ஸ்லைடரை மெதுவா நகர்த்திக்கிட்டே வாங்க. சத்தம் எங்க ரொம்பக் கம்மியாகுதோ, அதுதான் உங்க கார்ட்ரிட்ஜோட சமநிலை. எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை உதவும்.

இதுக்கு ஏன் இவ்ளோ கோவம்னு புதுசா வந்தவங்க கேட்கலாம். கிங்ஸ்மென் குழுவோட ‘லூயி லூயி’ எடுத்துக்கோங்க. 1963 ஏப்ரல், போர்ட்லண்ட்ல சின்ன ஸ்டுடியோ. பாடகர் ஜாக் ஈலி, மேல தொங்கவிட்ட மைக்கைப் பார்த்து அண்ணாந்து கத்துறார். சுத்தி நிக்கிற குழுவோட சத்தம் மொத்தமும் அதே மைக்குக்குள்ள போகுது. வார்த்தை புரியாமப் போனது அதனாலதான், ஆபாசப் பாட்டுன்னு புகார் வந்து எஃப்.பி.ஐ. உட்கார்ந்து வேற வேற வேகத்துல ஓட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் புரியலைன்னு எழுதினதும் அதனாலதான். கிடார் சோலோ முடிஞ்சதும் ஈலி சீக்கிரமா வாயைத் திறந்துட்டு டக்குனு நிறுத்துவார், ட்ரம்ஸ் உடனே ஒரு உருட்டு உருட்டி அந்த ஓட்டையை அடைக்கும். அந்த ஒரு நொடிதான் அந்தப் பாட்டோட உயிர். மோனோவுல குரலும் ட்ரம்ஸும் ஒரே இடத்துல இருந்து முட்டிக்கும். போலி ஸ்டீரியோவுல சிம்பல் ஒரு பக்கம் ஓடுது, ட்ரம் இன்னொரு பக்கம் ஓடுது. முட்டலே இல்ல!

சோனிக்ஸ் குழுவும் அப்படித்தான். டகோமா ஊர் பசங்க. 1965 ஆல்பத்தை சியாட்டில்ல ஒலிப்பதிவாளர் கியர்னி பார்ட்டன் ரெண்டு ட்ராக் மெஷின்ல எடுத்தார், முழு ட்ரம்ஸுக்கும் ஒரே ஒரு மைக். அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டுடியோ சுவத்துல ஒட்டியிருந்த முட்டை அட்டையையே பிச்சுப் போட்டாங்க, சத்தம் இன்னும் எகிறணும்னு. அம்பது வருஷம் கழிச்சு, 2015-ல தயாரிப்பாளர் ஜிம் டைமண்டை வச்சுப் புது ஆல்பம் பண்ணினப்போ மறுபடியும் மோனோவுலதான் எடுத்தாங்க. அவங்களுக்கே தெரியுது எது சரின்னு! லென்னி கே 1972-ல ‘நகெட்ஸ்’ங்கிற கராஜ் தொகுப்பைப் போட்டப்போ அந்த 27 பாட்டுல சோனிக்ஸ் இல்லாதது எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை. இதைப் பல தடவை சொல்லியாச்சு, இன்னும் சொல்வேன்.

இப்போ நல்ல விஷயத்துக்கு வர்றேன். நிஜ மோனோ ரெக்கார்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்ல ஓட்டினா சரசரப்பு ஜாஸ்தியா வருதுன்னு நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. காரணம் இருக்கு. மோனோ பள்ளத்துல பாட்டு பக்கவாட்டு அசைவுல மட்டும்தான் இருக்கு. தூசியும் தேய்மானமும் ஊசியை மேலயும் கீழயும் குதிக்க வைக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் அந்தக் குதியையும் சத்தமா மாத்திடும். ரெண்டு சேனலையும் ஒண்ணா கட்டிட்டா அந்த மேல்கீழ் அசைவு ரத்தாகிடும்.

உங்க ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்ல) மோனோ பட்டன் இருந்தா அழுத்துங்க, வேலை முடிஞ்சது. இல்லாதவங்களுக்கு ரெண்டு ஆர்சிஏ ஒய்-அடாப்டர் (ஒரு முனையை ரெண்டு முனையோட சேர்க்கிற ஆடியோ இணைப்பு) போதும். மொத்தம் 340 ரூபாய். ஒண்ணு 160, இன்னொண்ணு 180. ஏன் 20 ரூபாய் வித்தியாசம்னு கடைக்காரர்கிட்டயே கேட்டேன், ஒண்ணுல ரெண்டு பொண்ணு (துளை) ஒரு ஆணு (நுழையுற முனை), இன்னொண்ணுல ரெண்டு ஆணு ஒரு பொண்ணு, ஆண் முனைக்கு விலை ஜாஸ்தின்னார். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, ஒரே ரகத்துல ரெண்டு வாங்கிட்டு வந்துடுறாங்க, ஒண்ணோட ஒண்ணு சேராது. முதல் அடாப்டர்ல டர்ன்டேபிள்ல இருந்து வர்ற ரெண்டு வயரும் நுழையணும், அதோட ஒத்தை ஆண் முனை அடுத்த அடாப்டரோட ஒத்தை பொண்ணுல போகணும், அதோட ரெண்டு ஆணும் ஃபோனோ ப்ரீஆம்ப்ல (டர்ன்டேபிளோட சின்ன சிக்னலைப் பெரிசாக்குற பெட்டி). அவ்ளோதான். மோனோ கார்ட்ரிட்ஜ் ஒண்ணு இங்க வந்து சேர ஆகுற விலைக்கு ரெக்கார்டே எத்தனை வாங்கலாம்!

இதை டர்ன்டேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவுலதான் போடணும். ப்ரீஆம்புக்கு அப்புறம் போட்டா ரெண்டு அவுட்புட்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும், ஒலி நசுங்கும், சில ப்ரீஆம்புக்கு அது ஆகவே ஆகாது. முன்னாடி போட்டா லோடு (கார்ட்ரிட்ஜ் மேல விழுற மின்தடை) கெட்டுப்போகாதான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கெடாது. ப்ரீஆம்போட ரெண்டு 47 கிலோ ஓம் தடையும் சேர்ந்து 23.5 ஆகுது, ஆனா கார்ட்ரிட்ஜோட ரெண்டு காயிலும் பேரலல்ல சேர்றதால அதோட இண்டக்டன்ஸும் பாதியாகிடுது. கணக்கு சரியாப் போச்சு. இது மூவிங் மேக்னட் (காந்தம் அசையுற வகை) கார்ட்ரிட்ஜுக்குச் சொல்றேன். அப்புறம், டர்ன்டேபிள்லயே ப்ரீஆம்ப் உள்ள இருந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணிட்டு வெளி ப்ரீஆம்புக்கு மாறுங்க. மாட்டும்போது வால்யூம் சுழியில இருக்கட்டும். கிரவுண்ட் வயரைத் திரும்ப மாட்ட மறந்துட்டு ‘ஹம்’ வருதுன்னு சொல்லாதீங்க.

நேத்து ராத்திரி சோனிக்ஸோட ‘தி விட்ச்’ போட்டுப் பார்த்தேன். மக்களே! சரசரப்பு பாதிக்கு மேல போயிடுச்சு, அந்த ட்ரம்ஸ் நடுநெஞ்சுல வந்து இடிக்குது.

ஆனா போலி ஸ்டீரியோவை இப்படிக் கட்டினா சரியாகிடும்னு நினைக்காதீங்க. அந்த மில்லிசெகண்ட் தள்ளல் இருக்கே, ரெண்டையும் சேர்த்ததும் சில ஸ்வரம் செத்துப்போகும், சில ஸ்வரம் வீங்கும். குழாய்க்குள்ள இருந்து பாடுற மாதிரி வரும். அதுக்கு ஒரு பக்க வயரை மட்டும் கேட்கிறதே மேல்.

பழைய 45 ஆர்பிஎம் (சின்ன சிங்கிள்) ரெக்கார்டு வாங்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நிறைய அமெரிக்க 45 வினைலே இல்ல, ஸ்டைரீன்ங்கிற வேற பிளாஸ்டிக். ஓரம் தட்டையா வெட்டின மாதிரி இருக்கும், லேபிள் அழுத்தி வராம மேல ஒட்டியிருக்கும், விரலால தட்டினா கணீர்னு கேட்கும். டெட் வாக்ஸ்ல (லேபிளைச் சுத்தி இருக்கிற பாட்டில்லாத வளையம்) ஒரு முக்கோணமும் பக்கத்துல நம்பரும் கீறியிருந்தா லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலை, பெரும்பாலும் ஸ்டைரீன்தான். அதுக்குக் கூம்பு ஊசி மட்டும் போடுங்க, எலிப்டிகல் வேண்டாம், பள்ளத்தைச் சுரண்டிடும். கையால பின்னாடி சுத்தவே சுத்தாதீங்க. ரேடியோ ஸ்டேஷன் பிரதிகள்ல ஆரம்பத்துல மட்டும் ‘உஸ்ஸ்’னு வர்றது அப்படிச் சுத்தினதாலதான்.

அப்புறம் நடு ஓட்டை. ஒன்றரை அங்குல ஓட்டைக்கு லொடலொடன்னு ஆடுற அடாப்டர் போட்டா சுருதி அலையும். சோதிக்க ‘96 டியர்ஸ்’ மாதிரி வேற பாட்டு கிடையாது. 1966 அக்டோபர்ல பில்போர்டு நம்பர் ஒன், மிச்சிகன்ல இருந்து வந்த குழு. அந்த ஆர்கன் ஒலிக்கும்போது சுருதி ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை ஏறி இறங்குச்சுன்னா அடாப்டர் ஆடுதுன்னு அர்த்தம். அடாப்டரைச் சுத்தி ஒரு சுத்து செலோடேப் ஒட்டிப் பாருங்க. அப்பவும் அலைஞ்சா ஓட்டையே நடுவுல விழல, அந்தப் பிரதிக்கு முழு விலை குடுக்காதீங்க.

நேத்து வந்த தொகுப்பைத் திருப்பி அனுப்ப மெயில் போட்டாச்சு, பதினொரு பாட்டோட ஆடாசிட்டி படத்தையும் சேர்த்து. உங்ககிட்ட இருக்கிற தொகுப்புல ஸ்டீரியோன்னு போட்டிருந்தா சோதிச்சுட்டு, எத்தனைக்கு எத்தனை தகர டப்பான்னு கீழே போடுங்க.