சந்தேகங்களுக்கு விளக்கம்: சின்னக் கழகத்துக்குச் சிறு மானியம் எப்படிக் கேட்பது?

வணக்கம். இந்தக் கிழமை ஏழெட்டுக் கேள்வி வந்து கிடக்கிறது. மற்றதையெல்லாம் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன், ஏனென்றால் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய குரல் பதிவு மூன்று நாளாக என்னை விடவில்லை. மைதானத்தில் நின்றபடியே பேசியிருக்கிறார். பின்னால் பிள்ளைகள் கத்துகிறார்கள், யாரோ ஒருவன் "கோல் இல்லை, கோல் இல்லை" என்று சண்டை பிடிக்கிறான், அதற்குள் இவர் கேட்கிறார்: "சேர், எங்கள் கழகத்தில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தை வைத்துச் சமூகத்துக்கு நல்லது செய்கிற சின்னத் திட்டங்களுக்கு வெளியில் சிறு மானியம் கொடுக்கிறார்களாம். அதற்கு எப்படி எழுத வேண்டும்? பந்து, ஜேர்சி, சப்பாத்து என்று போட்டால் தருவார்களா?"

தருவார்கள் தம்பி. சிலர் தருவார்கள், அதுதான் பிரச்சினையே.

பழைய ஆட்களுக்குச் சப்பாத்துக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், நாங்கள் கடற்கரைப் பக்கம் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைத்துக்கொண்டிருந்தோம். செருப்புத்தான் கோல் போஸ்ட். அப்போது ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) நாற்பது சோடி உதைபந்துச் சப்பாத்து தந்தது. புத்தம் புதுசு, பெட்டியோடு. எல்லாம் பத்தாம் நம்பர். எங்களிடம் இருந்தது பத்து வயதிலிருந்து பதின்மூன்று வயது வரைக்குமான பிள்ளைகள். பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்துப் பார்த்தோம், ஓடும்போது சப்பாத்து முன்னால் போகிறது, பிள்ளை பின்னால் நிற்கிறான். கடைசியில் அதில் சில சோடி கரைவலை இழுக்கிற ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. அடியில் குமிழ் இருக்கிறதல்லவா, ஈர மண்ணில் கால் வழுக்காதாம். ஒரு அண்ணை என்னைக் கண்டால் இன்றைக்கும் கேட்பார், "தம்பி, அந்தச் சப்பாத்து இன்னும் வருமா?" என்று.

அந்த நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் நல்ல மனதோடுதான் தந்தார்கள். பிள்ளையின் காலை யாருமே பார்க்கவில்லை, நாங்களும் அளந்து அனுப்பவில்லை. விண்ணப்பத்தில் "சப்பாத்து 40" என்று எழுதினோம், சப்பாத்து 40 வந்தது.

சரி, இந்த மானியம் கொடுக்கிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். 1994 உலகக் கிண்ணத்தில் கொலம்பியா அணியின் அந்திரேஸ் எஸ்கோபார், அமெரிக்காவுக்கு எதிரான மட்சில் தன் பக்கத்துக்கே கோல் அடித்துவிட்டார். பந்தைத் தடுக்கப் போய்க் காலில் பட்டு உள்ளே போனது. ஊர் திரும்பி, ஜூலை 2ஆம் திகதி, மெதெயின் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நேரம் அதே நகரத்தில் ஜேர்மன்காரர் ஒருவர் இருந்தார், யூர்கன் கிறீஸ்பெக் என்று. ஒரு விளையாட்டு ஒரு மனிதனைக் கொல்லுமென்றால் அதே விளையாட்டை வைத்து எதிர்மாறாகவும் ஏதாவது செய்யலாமே என்று அங்கேயே இளைஞர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கினார். ஆயுதம் புழங்கிய தெருக்களில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள். நடுவர் கிடையாது. முதல் கோலை ஒரு பெண்பிள்ளைதான் அடிக்க வேண்டும். அது வரைக்கும் பையன்கள் எத்தனை கோல் அடித்தாலும் கணக்கில்லை.

இந்த விதியை நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை. அது என்ன செய்கிறது பாருங்கள். யாரும் அந்தப் பையன்களுக்குப் "பெண்களை மதியுங்கள்" என்று வகுப்பு எடுக்கவில்லை. பந்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காவிட்டால் நீ வெல்ல மாட்டாய், அவ்வளவுதான். அப்புறம் அவனே அவளைத் தேடிக் கொடுப்பான், அவள் வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுவான்.

அதே மனிதர் 2002இல் ஜேர்மனியில் தொடங்கிய அமைப்பு இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குழுக்களை உலகம் முழுக்க இணைத்தது. 2017இல் அதிலிருந்து, வீரர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை இப்படிப்பட்ட குழுக்களுக்குத் தருகிற 'கொமன் கோல்' என்ற திட்டம் வந்தது. அப்போது மன்செஸ்டர் யுனைட்டட்டில் ஆடிய யுவான் மாட்டா, தன் சம்பளத்தில் 1 சதவீதத்தை இதற்குத் தருகிறேன் என்று முதல் ஆளாக வந்தார். உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவுக்கு ஒரு அறக்கட்டளை இருக்கிறது, ஐரோப்பிய சம்மேளனமும் பிள்ளைகளுக்கென்று 2015இல் ஒன்று தொடங்கியது. ஆகவே காசு இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் போனிலேயே தேடி எடுப்பீர்கள், அதற்கு நான் தேவையில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது வேறு. நீங்கள் என்னிடம் "முப்பது பிள்ளைகள் வருகிறார்கள்" என்றீர்கள். நல்லது. யார் வரவில்லை?

இதைத்தான் நான் எல்லா வீடியோவிலும் கேட்கிறேன், எங்கள் வீட்டிலேயே இதைச் சொல்லிப் பகிடி பண்ணுகிறார்கள். ஆனால் ஒரு கழகத்துக்கும் சமூகத்துக்கு நல்லது செய்கிற கழகத்துக்கும் இடையில் நான் கண்ட வித்தியாசம் இது ஒன்றுதான். வருகிற பிள்ளை எப்படியும் வரும். பந்து கிழிந்திருந்தாலும் வரும், வெறுங்காலோடும் வரும், மழையிலும் வரும், அடித்துத் துரத்தினாலும் வரும். மைதானத்துக்கு வெளியே நிற்கிற பிள்ளை ஏன் நிற்கிறது என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் உங்கள் விண்ணப்பத்தில் பாதி முடிந்துவிட்டது.

எங்களிடம் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். தமையனைக் கூட்டிக்கொண்டு வருவாள், அவனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பாள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் மண்ணில் குச்சியால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் எத்தனை கோல், அந்தப் பக்கம் எத்தனை, யார் அடித்தது, எல்லாம். எங்கள் மாஸ்டரை விடச் சரியான கணக்கு. "விளையாட வாறீரா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். தாய் விடமாட்டா போலிருக்கிறது, சமயம், கலாசாரம் என்று எங்கள் பாட்டில் முடிவு கட்டிவிட்டோம். எங்களுக்கு அதுதானே சுகம், காரணம் வெளியில் இருந்தால் எங்களுக்கு வேலை இல்லை.

பிறகு எங்களோடு வேலை செய்த ஒரு ரீச்சர் அந்த வீட்டுக்குப் போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து சொன்னா: தாய்க்கு ஒரு மறுப்பும் இல்லை. மைதானத்து மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதுதான் விஷயம். இரண்டு மணித்தியாலம் விளையாடுகிற பெண்பிள்ளை எங்கே போவாள்? ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டா இருப்பாள்? வளர்ந்த ஆம்பிளைகள் ஆறு பேர் கமிட்டியில் இருந்தோம், எங்களில் ஒருவனுக்கும் அது கண்ணில் படவில்லை.

தாழ்ப்பாளும் நாலு ஆணியும் ஹாட்வெயார் கடையில் வாங்கினோம். பந்தின் விலையில் கால்வாசிகூட வரவில்லை. மானியக் கணக்கில் அதற்கு ஒரு வரி இல்லை, "விளையாட்டு உபகரணம்" என்று போடவும் முடியாது, கடைசியில் கைக்காசுதான் போட்டோம். அடுத்த மாதம் பதினொரு பெண்பிள்ளைகள். அந்தக் கோடு போட்ட பிள்ளை வலது பக்கம் ஆடினாள், பந்தை நிறுத்தத் தெரியாது, ஆனால் எங்கே வரப்போகிறது என்று தெரியும். ஒரு வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவள் அல்லவா.

இதே போலத்தான் கென்யாவில் நைரோபியின் மதாரே சேரியில் 1987இல் ஒரு சங்கம் தொடங்கியது. அங்கே குப்பை பெரிய பிரச்சினை. சேரிப் பிள்ளைகளின் அணிகள் மட்ச் வென்றாலும் புள்ளி, தெருவைத் துப்பரவு செய்தாலும் அதே லீக் அட்டவணையில் புள்ளி. அவர்கள் தங்கள் தெருவைப் பார்த்து எழுதிய விதி அது. நீங்கள் அதை அப்படியே மூதூரில் போட வேண்டாம், உங்கள் தெருவில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

திருகோணமலையில் என்ன கிடக்கிறது? ஒரே மைதானத்தில் மூன்று சமூகத்துப் பிள்ளைகள், இரண்டு மொழி. மெதெயின் முறை வளர்ந்து இப்போது மூன்று பாதி ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. முதல் பாதியில் இரண்டு அணியும் வட்டமாக இருந்து விதியைப் பேசி முடிவெடுக்க வேண்டும், இரண்டாவது பாதி விளையாட்டு, மூன்றாவது பாதியில் திரும்ப இருந்து விதியை யார் காப்பாற்றினார்கள் என்று பேசிப் புள்ளி போட வேண்டும். நாங்கள் செய்து பார்த்த முதல் நாள் இருபது நிமிடம் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பொடியன் எழும்பி, "அம்மாவை இழுத்துப் பேசக் கூடாது" என்றான். மொழிபெயர்க்க எங்கள் ஆள் வாயைத் திறக்க முன்னமே சிங்களப் பிள்ளைகள் தலையாட்டிவிட்டார்கள். எல்லா நாளும் இப்படி அழகாக நடக்கும் என்று நினைக்காதீர்கள், அடுத்த கிழமையே கைகலப்பு. ஆனால் அந்த விதியை மட்டும் ஒருவரும் மீறவில்லை.

சரி சரி, விண்ணப்பம். எங்கேயோ போய்விட்டேன்.

முதலில் பதிவு. உங்கள் கழகம் 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். பதியாவிட்டால் அதை முதலில் செய்யுங்கள். கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையொப்பம். தலைவரின் சொந்தக் கணக்குக்குக் காசு வரட்டும் என்று யாராவது சொன்னால் அந்தக் கூட்டத்திலேயே எழும்பிச் சண்டை பிடியுங்கள், பிறகு பிடிக்கிற சண்டையை விட அது சின்னது. அனேகமாகக் காசு இரண்டு தவணையாக வரும், முதல் தவணையின் பில்லெல்லாம் கொடுத்தால்தான் இரண்டாவது. ஓட்டோக்காரர் பில் தரமாட்டார், ஆகவே சின்ன ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்து அவரிடம் கையொப்பம் வாங்குங்கள்.

சிறுவர் பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதற்கு வலைத்தளத்திலிருந்து பத்துப் பக்கம் பிரதி எடுத்து ஒட்டாதீர்கள். பயிற்சிக்கு எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், பெண்பிள்ளைகள் இருந்தால் அதில் ஒருவர் பெண், படம் எடுக்கப் பெற்றோரின் சம்மதம், சிறுவர் உதவிக்கான 1929 தொலைபேசி இலக்கம் மைதானத்தில் பிள்ளைகளின் கண்ணில் படுகிற இடத்தில். உண்மையில் செய்கிறதை எழுதுங்கள், அரைப் பக்கம் போதும்.

எவ்வளவு கேட்கலாம் என்றால், தாங்கக்கூடியதைக் கேளுங்கள். ஒரு வருடம் பெரிய காசு வந்து அடுத்த வருடம் ஒன்றும் இல்லாமல் போன கழகங்களை நான் பார்த்திருக்கிறேன், காசு வர முன்னம் இருந்த கழகம்கூடப் பிறகு இருக்காது. பந்து நாலு போதும், சின்னப் பிள்ளைகளுக்கு நாலாம் நம்பர் பந்து, ஐந்தாம் நம்பர் பெரியவர்களுக்கு. ஜேர்சிக்குப் பதிலாகப் பிப் (சட்டைக்கு மேலே போடுகிற கையில்லாத மேலாடை) போதும், ஒரு அளவு எல்லோருக்கும் காணும், சப்பாத்துக் கதை திரும்ப நடக்காது. மிச்சத்தைப் பயிற்றுநரின் போக்குவரத்துக்கும், தூரத்துப் பிள்ளைகளின் பஸ் காசுக்கும், பணிசுக்கும் போடுங்கள். "இதர செலவு" என்று ஒரு சின்னத் தொகை விடுங்கள், தாழ்ப்பாள் அதற்குள்தான் வரும்.

நம்பியிருக்கிற வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. 2022இல் 200 ரூபாய்க்கு நின்ற டொலர் ஓரிரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது, பெற்றோலும் இல்லை. போக்குவரத்துக்கு எழுதி வைத்த காசை நாங்கள் சைக்கிள் டியூப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது, முன்கூட்டியே எழுதிக் கேட்டதால் மானியம் தந்தவர்கள் சம்மதித்தார்கள். 2023 ஜனவரியில் எங்கள் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே ஃபிஃபா இடைநிறுத்தியது, ஆகஸ்ட் வரைக்கும் அப்படியே கிடந்தது. மேலே என்ன நடந்தாலும் செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள், யாராவது பந்தோடு அங்கே இருக்க வேண்டும்.

ஆகவே தம்பி, இன்றைக்கு ஒன்றும் எழுத வேண்டாம். கொப்பியில் வரவு போடுகிறீர்கள் அல்லவா? போடாவிட்டால் இன்றைக்கே தொடங்குங்கள். அதில் முன்பு வந்து இப்போது வராத மூன்று பேரைப் பாருங்கள், அப்படியே வேலிக்கு வெளியே நிற்கிற ஒருவரையும். நாலு வீட்டுக்குப் போங்கள், தனியாகப் போகாமல் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் வரவில்லை என்று அவர்கள் சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதி வாருங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் கிண்ணியாப் பாலத்தால் இந்தப் பக்கம் வந்தால் நான் திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில்தான் இருப்பேன், இரண்டு பேருமாக இருந்து விண்ணப்பத்தை நிரப்புவோம். வரும்போது அந்தக் கொப்பியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.