மொறிஸ் மைனருக்கு ஹொட் றொட் டாஷ்போர்ட்: தகட்டை வெட்டலாமோ?

அடுத்த கேள்வி உப்புவெளியிலயிருந்து வந்திருக்குது. ஒரு தம்பி கேக்கிறார்: "என்னட்ட 1958 மொறிஸ் மைனர் 1000 இருக்குது, வீட்டிலயே வைச்சுத் திருத்திறன். டாஷ்போர்ட்டை ஹொட் றொட் (வேகத்துக்காக எஞ்சினைப் பெலப்படுத்தின பழைய கார்) மாதிரி நாலு மீற்றர் வைச்சு மாத்த விருப்பம். தகட்டை வெட்டலாமோ? ஆர்பிஎம் மீற்றர் ஒண்டு புதுசா வாங்கிப் பூட்டின உடனயே புகைஞ்சு போச்சு, அது ஏன்? ஸ்பீடோ மீற்றரும் ஓடுற வேகத்தை விடக் கூடக் காட்டுது."

முதல்ல அந்தப் புகையைப் பாப்பம், ஏனெண்டால் மிச்ச வேலை முழுக்க அதிலதான் தங்கியிருக்குது. உங்கட கார் பொசிட்டிவ் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் கனக்க அப்பிடித்தான். பற்றரியின்ர பிளஸ் பொடியில பூட்டியிருக்கும், மைனஸ்தான் வயருக்குள்ளால ஓடும். இப்ப கடையில விக்கிற இலத்திரனியல் ஆர்பிஎம் மீற்றர் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தது. கறுப்பு வயரைப் பொடியில பூட்டினால் கரண்ட் தலைகீழா உள்ள போகும். மீற்றரில பிழை இல்லை தம்பி, காரிலயும் பிழை இல்லை. ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான்.

காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திறது ஒரு மத்தியான வேலை. பற்றரியைக் கழட்டித் திருப்பி வையுங்கோ. ஆனால் பிளஸ் குமிழ் மைனஸை விடக் கொஞ்சம் தடிப்பு, அதால பழைய கிளாம்ப் ஒரு பக்கம் தொளதொளக்கும், மற்றப் பக்கம் இறங்காது. கிளாம்ப் ரெண்டையும் புதுசாப் போடுங்கோ, அடிச்சு இறக்க வேண்டாம். அடுத்தது இக்னிஷன் கொயில். எஸ்.டபிள்யூ, சி.பி எண்டு அடிச்சிருக்கிற பழைய கொயில் எண்டால் அந்த ரெண்டு சின்ன வயரையும் இடம் மாத்துங்கோ. பிளஸ் மைனஸ் போட்ட கொயில் எண்டால் பிளஸ் சாவிப் பக்கம், மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். மாத்தாமலும் எஞ்சின் ஓடும், ஆனால் பிளக்கில பொறி பலவீனமாகும்.

கனபேர் விடுற பிழை டைனமோவில, அதுதான் ஓடேக்க பற்றரியை சார்ஜ் பண்ணுறது. திசையை மாத்தினால் டைனமோவுக்கும் அதைப் பழக்க வேணும். எஞ்சினை ஸ்ராட் பண்ண முந்தி டைனமோவின்ர ரெண்டு வயரையும் கழட்டுங்கோ. பற்றரியின்ர பிளஸ்ஸில இருந்து ஒரு வயர் எடுத்து, எஃப் எண்ட சின்ன முனையில ஒவ்வொரு செக்கன் படி ரெண்டு மூண்டு தரம் தொட்டு விடுங்கோ. சின்னப் பொறி பறக்கும், அது சரி. பிறகு வயரைப் பழையபடி கொழுவுங்கோ. இதைச் செய்யாமல் ஓடினால் டைனமோ பழைய திசையிலயே சார்ஜ் பண்ணப் பாக்கும், சார்ஜைக் கட்டுப்படுத்திற கொன்றோல் பொக்ஸின்ர பொயின்ற்ஸ் எரிஞ்சு ஒட்டிப்போகும். ரேடியோ, அம்பியர் மீற்றர், பிறகு ஆரும் மாத்தின பெற்றோல் பம்ப் இருந்தால் அதுகளையும் பாருங்கோ. லைற்றுக்கும் ஹோர்னுக்கும் திசை ஒரு பொருட்டில்லை.

இப்ப வெட்டுற கதை. வெட்டாதேங்கோ. மைனரின்ர டாஷ்போர்ட் திருகாணி கழட்டி வெளியில எடுக்கிற சாமான் இல்லை, பொடியோட வெல்ட் பண்ணின தகடு. ஒரு தரம் ஓட்டை போட்டால் பிறகு திருப்பி அடைக்கிறதுக்கு ரிங்கரிங் வேலைதான். நடுவில இருக்கிற அந்த வட்ட ஸ்பீடோ மீற்றர்தான் இந்தக் காரின்ர முகம், அதை விட்டிடுங்கோ. ஸ்ரியறிங்குக்கு நேர பின்னால சாரதிப் பக்க கிளவ் பொக்ஸின்ர வாய் இருக்குதெல்லோ, அந்த வாயளவுக்கு ஒரு பலகை செய்து மீற்றரை அதில வையுங்கோ. பிறகு ஒரு நாள் காரைப் பழையபடி ஆக்க நினைச்சால் நாலு திருகாணிதான்.

முதல்ல கடதாசி மட்டையில அச்சு வெட்டுங்கோ. வழமையான மீற்றருக்கு 52 மில்லிமீற்றர் ஓட்டை, விளிம்பு அதை விட அகலம். ஆனபடியால் ஒரு நடுவில இருந்து அடுத்த நடுவுக்கு 68 அளவில விடுங்கோ. மட்டையை வைச்சிட்டு சீற்றில இருந்து பாருங்கோ, ஸ்ரியறிங் கம்பி எதை மறைக்குது எண்டு. நாலும் கொள்ளாட்டி மூண்டு போதும். கலிபோர்னியாவில 1930களில ஹொட் றொட் கட்டின பெடியள் மீற்றர் வைச்சது வடிவுக்கு மட்டும் இல்லை, பெலப்படுத்தின எஞ்சின் எப்ப சூடேறும், எப்ப ஒயில் அமுக்கம் விழும் எண்டு தெரிய வேணும் எண்டுதான். உங்கட 948 சிசி எஞ்சினுக்கும் அந்த ரெண்டும்தான் முதல் தேவை. ஹபறணை றோட்டில வெயிலுக்க ஓடேக்க தண்ணிச் சூடு 80க்கும் 90க்கும் இடையில (செல்சியஸில) நிண்டால் நல்லம். சூடான எஞ்சினில ஒயில் அமுக்கம் ஓடேக்க 60 பிஎஸ்ஐ அளவு, சும்மா நிக்கேக்க 15 அளவு. மூண்டாவது வோல்ற் மீற்றர். இடமிருந்தால் ஆர்பிஎம்.

பலகைக்கு 2 மில்லிமீற்றர் அலுமினியம் எடுங்கோ. ஹொட் றொட் டாஷ்போர்ட்டில மீன் செதில் மாதிரி வட்டம் வட்டமா மினுங்குதே, அதை வீட்டில செய்யலாம். டிரில்லை ஸ்ராண்டில பூட்டி, 12 மில்லிமீற்றர் உருண்டைத் தடி ஒண்டைக் கொழுவி, நுனியில வால்வு அரைக்கிற பேஸ்ற் பூசி, ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு செக்கன் மெல்ல அழுத்துங்கோ. பிறகு 6 மில்லிமீற்றர் தள்ளி அடுத்தது, அப்ப வட்டம் அரைவாசி அரைவாசியா ஏறி விழும். ஓட்டை வெட்ட முந்தியே இதைச் செய்யுங்கோ. பிறகு செய்தால் ஓட்டை விளிம்பில தடி வழுக்கிக் கோடிழுக்கும். ஓட்டை வெட்டேக்க கீழ மரத் துண்டு ஒண்டு இறுக்கி, வேகத்தைக் குறைச்சு, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கோ, இல்லாட்டி அலுமினியம் வெட்டுற வாளின்ர பல்லில ஒட்டும். முடிஞ்ச உடன கிளியர் அடிக்க வேணும். திருகோணமலைக் கடல் காத்துக்கு வெறும் அலுமினியம் கெதியா வெள்ளை பூத்திடும். இரும்புத் தகட்டோட நேர தொடவும் விடக்கூடாது, உப்பீரத்தில ரெண்டு உலோகமும் ஒண்டை ஒண்டு தின்னும். நடுவில மெல்லிய றப்பர் சீற் வையுங்கோ.

சென்சர் பூட்டேக்க ஒரு கண்ணி இருக்குது. அமெரிக்க மீற்றரோட வாறது 1/8 என்பிடி, இஞ்சிக்கு 27 மரை. ஜப்பான் மீற்றரோட வாறது 1/8 பிஎஸ்பிடி, இஞ்சிக்கு 28. கண்ணுக்கு ஒண்டு மாதிரித்தான். ரெண்டு சுத்து நல்லா ஏறும், பிறகு இறுகும். பலத்தைக் குடுத்தால் புளொக்கின்ர மரை போயிடும், ஒயில் கசிவு நிக்காது. எஞ்சினில இருக்கிற பழைய ஒயில் சுவிற்சைக் கழட்டிக் கடைக்குக் கொண்டுபோய், அதோட பொருந்துற அடப்டர் வாங்குங்கோ. டி வடிவத் துண்டு போட்டால் பழைய எச்சரிக்கை லைற்றும் வேலை செய்யும், அதைக் கட்டாயம் வைச்சிருங்கோ. கண் மீற்றரில இல்லாத நேரம் அதுதான் காப்பாத்தும்.

வயரிங்கில பழைய துணி சுத்தின வயரை மடிச்சுப் பாருங்கோ. றப்பர் பொடியாக் கொட்டினால் அதில ஒட்டுப் போட வேண்டாம், அந்தத் துண்டு முழுக்க மாத்துங்கோ. மீற்றருக்குக் கரண்ட் பியூஸ் பொக்ஸின்ர ஏ4 முனையில, பச்சை வயர் பக்கம் எடுங்கோ. இடையில தனியா 5 அம்பியர் பியூஸ். மீற்றர் லைற்றுக்கு சிவப்பில வெள்ளைக் கோடு போட்ட வயர். ஆர்பிஎம்மின்ர சிக்னல் வயர் கொயிலின்ர மைனஸ்ஸுக்கு, மீற்றரின்ர பின்பக்கச் சுவிற்ச் 4 சிலிண்டரில நிக்குதோ எண்டு பாருங்கோ. எல்லா மீற்றரின்ர எர்த்தையும் ஒரே வயரில சேர்த்து, பெயின்ற் சுரண்டின ஒரு போல்ற்றில இறுக்குங்கோ. ஹெட்லைற் போட்டவுடன முள்ளெல்லாம் ஆடினால் மீற்றரைக் குறை சொல்லாதேங்கோ, எர்த் பிடிக்கேல்லை.

இதெல்லாத்துக்கும் முந்திப் பாக்க வேண்டியது கறள். கிளவ் பொக்ஸுக்குள்ள இருக்கிற மட்டை ஊதிக் கறை பட்டிருந்தால் முன்கண்ணாடி றப்பரால தண்ணி இறங்குது. ஒராள் உள்ள ரோர்ச்சோட இருக்க, வெளியில ஹோஸ்பைப்பால கீழ இருந்து மேல மெல்ல மெல்லத் தண்ணி பிடியுங்கோ, எந்த இடத்தால வருதெண்டு அப்பத்தான் பிடிபடும். அதை அடைக்காமல் புது வயரிங் போட்டுப் பிரியோசனமில்லை. கறளை 80 அரப்பேப்பரால சுரண்டிப்போட்டு, உடன கறள் மாத்தி (மிச்சக் கறளைக் கெட்டியான படையா மாத்திற திரவம்) பூசாதேங்கோ. குழிக்குள்ள உப்பு நிக்கும், பெயின்றுக்குக் கீழ ஆறு மாசத்தில திரும்பக் கொப்பளிக்கும். சுடுதண்ணியால பிரஷ் போட்டு மூண்டு தரம் கழுவுங்கோ. வீட்டுக் கிணறு உவரெண்டால் குழாய்த் தண்ணி பாவியுங்கோ. நல்லாக் காய்ஞ்ச பிறகு பொஸ்போரிக் அசிற் கறள் மாத்தி, அதுக்கு மேல எபொக்சி பிறைமர். மாரிக்குள்ள பெயின்ற் அடிக்க வேண்டாம். கச்சான் காத்து வீசுற மாசமெண்டால் விடியச் சாமம் ஈரம் போனாப் பிறகு, காத்து எழும்ப முந்தி முடியுங்கோ. ஹார்ட்னர் கலக்கிற ரூகே பெயின்றை வீட்டில ஸ்பிறே பண்ணவே வேண்டாம், அதின்ர புகை நுரையீரலுக்குக் கூடாது, துணி மாஸ்க் அதை மறிக்காது. கராஜில குடுங்கோ.

கடைசியா, கூடக் காட்டுற ஸ்பீடோ மீற்றர். அதின்ர முகத்தில சின்னனா ஒரு இலக்கம் இருக்கும், 1280 எண்டு வைப்பம். ஒரு மைலுக்குக் கேபிள் அத்தினை சுத்து சுத்த வேணும் எண்டதுதான் கருத்து. கேபிளை மீற்றரில இருந்து கழட்டி, உள் கம்பியில மட்டைத் துண்டில அம்புக்குறி ஒட்டுங்கோ. நியூற்றலில விட்டு, சமதரையில நேர 16.09 மீற்றர் தள்ளுங்கோ, அது மைலில நூறில ஒரு பங்கு. சுத்தை எண்ணி நூறால பெருக்குங்கோ. 14 சுத்து வந்தால் 1400. அப்ப உண்மையில 40 மைல் வேகத்தில ஓடேக்க மீற்றர் கிட்டத்தட்ட 44 காட்டும். டிபெரன்சலோ மீற்றரோ வேற காரில இருந்து வந்திருக்குது எண்டு அதிலயே தெரியும், 1400க்குக் கிட்டின இலக்கம் போட்ட மீற்றர் ஒண்டு தேடினால் சரி.