சின்னத் தாத்தாவின் விமானப்படை எண்

வணக்கம் மக்களே. தேவிபட்டினத்திலிருந்து பேசுகிறேன். காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே வெளிச்சம் போதாது என்று திண்ணைக்கு வந்துவிட்டேன்.

இன்றைக்கு என் தாத்தாவின் தம்பியைப் பற்றி. இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். எங்கள் பக்கத்தில் நேதாஜி படைக்குப் போனவர் வீட்டை ஊரே அறியும். தியாகி வீடு என்றுதான் வழி சொல்வார்கள். அந்த மரியாதை அவர்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் வெள்ளைக்காரன் படையில் சேர்ந்தவரைப் பற்றி வீட்டிலேயே பேச்சு குறைவு. சம்பளத்துக்குப் போனார், வந்தார், அவ்வளவுதான். அவர்களுடைய காகிதங்கள் கேட்பாரற்றுப் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த சம்பளப் புத்தகம். உப்புக்காற்றில் தாள்களைக் கோத்திருந்த ஊசி துருப்பிடித்து நடுத்தாள்கள் கழன்றுவிட்டன. மையில் எழுதியது பரவிப்போயிருக்கிறது. பென்சிலில் எழுதியது நேற்று எழுதியதுபோல நிற்கிறது. தாளைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். மங்கிய இடத்தில்கூட எழுத்தின் அழுத்தம் தெரியும். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

இதில் தங்கத்துக்குச் சமம் இந்த சர்வீஸ் நம்பர்தான், அதாவது படையில் அவருக்குக் கொடுத்த எண். பெயரை வைத்துத் தேடினால் சிக்கல். எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அப்பா பெயர் ஒரு தாளில் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் முழுசாக. ஊரும் கைகொடுக்காது. 'ராம்நாட்' என்று மட்டும் இருக்கும். அன்றைய ராம்நாட் ஜில்லாவில் சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமெல்லாம் அடக்கம். 1985-இல்தான் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. சிவகாசிக்காரரும் ராம்நாட், தொண்டிக்காரரும் ராம்நாட். எண் ஒன்றுதான் ஆளைத் தனியாகக் காட்டும்.

அப்புறம், எந்தப் படை? வீட்டில் 'ராயல் ஏர்ஃபோர்ஸ்' என்று சொல்லிவிடுவார்கள். பிரிட்டனின் ராயல் விமானப்படை வேறு, 1932 அக்டோபர் 8-இல் தொடங்கிய இந்திய விமானப்படை வேறு. குழப்பம் எங்கே வருகிறது என்றால், நம் படைக்கும் 1945 மார்ச்சில் 'ராயல்' பட்டம் வந்தது. 1950-இல் குடியரசானதும் அது போனது. ஆகவே அந்த ஒரு சொல்லைப் பார்த்து லண்டனுக்கு எழுதிவிடாதீர்கள். பக்கத்தில் 'இந்தியன்' இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டிஷ் படையினரின் ஆவணங்கள் 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாறிவருகின்றன. இந்திய விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கிற ஆவண அலுவலகம். யாருக்கு எழுதுவது, எந்தச் சான்றுகளை வைப்பது என்று ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் 10 ரூபாய்.

இப்போது இந்தப் பக்கம். தொழில் என்ற இடத்தில் 'ஃபிட்டர்' என்று இருக்கிறது. அப்பத்தா கடைசிவரை, "எங்க கொழுந்தனாரு ஏரோப்பிளேன் ஓட்டுனவரு" என்றுதான் சொல்லும். ஓட்டவில்லை, ஓடவைத்தார். இதில் எனக்கு ஏமாற்றமே இல்லை. ஒரு ஸ்குவாட்ரனில், அதாவது விமானப்படைப் பிரிவில், விமானிகளைவிடத் தரையில் நிற்பவர்கள்தான் எப்போதும் அதிகம். 1944-இல் இம்பாலை ஜப்பானியர் சூழ்ந்தபோது அர்ஜன் சிங் தலைமையில் நம் 1-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன் விமானங்களோடு அங்கே நின்றது. அர்ஜன் சிங் பெயர் நமக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். ஆனால் அந்த எஞ்சினைத் திறந்து எண்ணெய்க் கையோடு வேலை பார்த்தவர்கள் பெயர் எந்த ஊரில் தெரியும்? சின்னத் தாத்தா எங்கே இருந்தார் என்று இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை. யூனிட் பெயர் சுருக்கெழுத்தில் இருக்கிறது, அதைத்தான் டெல்லிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

யூனிட்டும் தேதியும் கிடைத்தால் இன்னொரு கதவு திறக்கும். ஸ்குவாட்ரன்களின் அன்றாட நடவடிக்கைப் பதிவேடுகள் அதே கியூ ஆவணக்காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் இருக்கின்றன. ஃபிட்டர் பெயர் அதில் அபூர்வமாகத்தான் வரும். ஆனாலும் அன்றைக்கு எங்கே முகாம், எத்தனை விமானம் பறந்தது, எது திரும்பவில்லை என்று தெரியும். அவர் நின்ற தரையை நாம் தெரிந்துகொள்ள அது போதும்.

பெட்டியில் பர்மா ஸ்டார் என்ற போர்ப் பதக்கமும் இருக்கிறது. வெண்கலம், ஆறு முனை, கருநீல நாடாவின் நடுவில் அகலமாகச் சிவப்பு. இதை வைத்து 'பர்மாவில் சண்டை போட்டார்' என்று முடிவுகட்ட முடியாது. குறிப்பிட்ட காலத்தில் வங்காளத்திலும் அசாமிலும் பணியாற்றியவர்களுக்கும் இது உண்டு.

திரும்பி வராதவர் வீட்டுக்காரர்கள் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள், இலவசம்தான். உடல் கிடைக்காத விமானப்படையினர் பலரின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகத்தில் பொறித்திருக்கிறது.

மண்டபம், சாயல்குடி, கீழக்கரைப் பக்கம் யார் வீட்டிலாவது இப்படிப் பெட்டி இருந்தால் இந்த வாரமே திறந்துவிடுங்கள். சம்பளப் புத்தகம் இல்லையென்றாலும் பதக்கம் இருக்கலாம். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் எண்ணும் பெயரும் வெட்டியிருக்கும் வழக்கம் உண்டு. வட்டப் பதக்கமானால் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், நட்சத்திரமானால் பின்புறம். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.