ஜீப் வராத நாளில் பள்ளி எவ்வளவு தூரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வி நிதி நின்றது, குறைந்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் காதில் விழுவது கோடிக் கணக்குகள்தான். சமக்ர சிக்‌ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு தரவேண்டிய பங்கு 2,152 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் அந்தப் பணம் விடுவிக்கப்படவில்லை. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதன் அரசியலை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பணம் பள்ளிக் கணக்கில் என்னென்ன செலவாக இறங்குகிறது, அது நின்றால் ஒரு பெண்பிள்ளைக்கு என்ன ஆகிறது என்பதை இன்று பார்ப்போம்.

இந்தத் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஆண்டுத் திட்டத்துக்கு டெல்லியில் ஒப்புதல் கிடைத்த பிறகு பணம் தவணைகளாக வரும். ஒரு தவணை வராவிட்டால், கையில் இருப்பதைக் கொண்டு முதலில் சம்பளம் கொடுப்பார்கள். பகுதிநேர ஆசிரியர்களும் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும் இந்தத் திட்டத்தை நம்பி இருப்பவர்கள்; அவர்கள் சம்பளத்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் சிறுசிறு செலவுகள்தான் காத்திருக்க வேண்டியவை ஆகின்றன. போக்குவரத்துப் படி, விடுதிச் சாப்பாடு, கழிப்பறைப் பராமரிப்பு, உதவித்தொகை. இவற்றில் பெரும்பாலானவை பெண்பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

போக்குவரத்தையே எடுத்துக்கொள்வோம். அருகில் பள்ளி இல்லாத மலைக்கிராமங்களிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் உள்ள பிள்ளைகளுக்கு வண்டியோ வழித்துணையோ ஏற்பாடு செய்ய, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை தரலாம். இப்போது உயர்நிலை வகுப்புகளுக்கும் இது உண்டு. 220 வேலைநாள் என்று வைத்தால் நாளைக்கு 27 ரூபாய். பத்துப் பிள்ளைகளை ஏற்றும் ஜீப்காரருக்கு நாளைக்கு 270 ரூபாய் கிடைக்கும். காட்டுப் பாதையில் போகவர டீசலுக்கே சரியாக இருக்கும். இரண்டு மாதம் பணம் வராவிட்டால் அவர் பொறுத்துக்கொள்வார். மூன்றாம் மாதம் சந்தைச் சுமைக்குப் போய்விடுவார். வீட்டில் தம்பி அடுத்த ஊர்க்காரர் பைக்கில் தொற்றிக்கொண்டாவது பள்ளிக்குப் போய்விடுவான். எட்டாம் வகுப்பு படிக்கும் அக்காவை யானை நடமாடும் பாதையில் தனியாக அனுப்ப மாட்டார்கள். வண்டி வரட்டும் என்று அவளை வீட்டில் இருத்துவார்கள். இருந்தவள் சமையலுக்கும் தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் பழகிவிடுவாள். பத்தில் மூன்று பேர் இப்படி நின்றுவிட்டால், பிறகு பணம் வந்தாலும் மிச்சம் ஏழு பேருக்கு நாளைக்கு 190 ரூபாய்க்குள்தான் வரும். அந்தத் தொகைக்கு எந்த ஜீப்பும் வராது. வண்டி நின்றால் பிள்ளைகள் குறைகிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் வண்டி திரும்புவதில்லை. நிலுவைத் தொகையை மார்ச் மாதம் மொத்தமாகப் போட்டாலும் போன வகுப்புகளை அது மீட்டுத்தராது. ஆகவே தாமதமாக வரும் நிதியையும் நான் வெட்டு என்றே கணக்கில் வைக்கிறேன்.

அடுத்தது பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து 10,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை. 240 பேர் படிக்கும் பள்ளிக்கு 50,000. இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். 5,000 ரூபாய், மாதத்துக்கு நானூறு சொச்சம். பினாயில், துடைப்பம், குழாய் மாற்றுவது, அடைப்பு எடுப்பது எல்லாம் அதற்குள் நடக்க வேண்டும். மானியம் பாதியாக வந்தால் தலைமையாசிரியர் சாக்பீஸையும் அச்சுத்தாளையும்தான் முதலில் வாங்குவார், பாடம் நடக்க வேண்டுமே. கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்தது உடைந்தபடியே கிடக்கும். மாதவிலக்கு நாள்களில் பிள்ளைகள் வர மாட்டார்கள். மாதத்துக்கு மூன்று நாள் என்றாலும் பத்து மாதத்தில் முப்பது நாள். கணக்குப் பாடத்தை இப்படி மாதாமாதம் விடும் பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே பின்தங்கிவிடுகிறாள். வருகைப் பதிவேட்டில் அது ‘உடல்நலமில்லை’ என்று பதிவாகும். அந்தத் தாழ்ப்பாளை யாரும் எழுதுவதில்லை.

கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகளில் பாதிப்பு இதைவிட ஆழமானது. 2004இல் தொடங்கிய திட்டம் இது. கல்வியில் பின்தங்கிய ஊராட்சி ஒன்றியங்களில், பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகத்துப் பெண்பிள்ளைகளுக்கு 75 விழுக்காடு இடம். மீதி வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடக்கூடிய பிள்ளையை ஊரிலேயே தங்கிப் படிக்க வைப்பது இந்த விடுதிதான். தமிழ்நாட்டில் இவற்றைத் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தும் வழக்கம் உண்டு. பணம் வராத மாதங்களில் மளிகையும் காய்கறியும் கடனில் வரும். கடைக்காரர் கடனை நிறுத்தினால் முதலில் முட்டையும் பாலும் குறையும். பிறகு சமையலர் வேறு வேலை தேடுவார். காப்பாளர் மாறிக்கொண்டே இருப்பார். காப்பாளர் அடிக்கடி மாறும் விடுதியைப் பெற்றோர் நம்புவதில்லை, அதில் தப்பும் சொல்ல முடியாது. பொங்கலுக்கு அழைத்துப்போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதில்லை. சூளை வேலை மும்முரமாகும் காலமும் அதுதான். அங்கே போனால் தம்பிக்குக் காவல், கல் அடுக்கும் வேலை, பிறகு சீக்கிரமே கல்யாணப் பேச்சு.

மாற்றுத்திறன் மாணவியருக்கு மாதம் 200 ரூபாய், பத்து மாதத்துக்கு உதவித்தொகை உண்டு. சின்னத் தொகைதான். ஆனால் சிகிச்சைக்கும் பள்ளிக்கும் அலையும் தாய்க்கு அது ஆட்டோச் செலவு.

பள்ளியைத் தாண்டிய பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 வாக்கில் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் பெண்கள் சேர்த்தே கற்றார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2009இல் வந்த சாக்‌ஷர் பாரத் திட்டம் 7 கோடிப் பேரை எழுத்தறிவு பெறச் செய்ய இலக்கு வைத்தது. அதில் 6 கோடி பெண்கள். ஊராட்சிக்கு இரண்டு ஊக்குநர்கள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய் மதிப்பூதியம். 2018 மார்ச்சோடு அது முடிந்தது. இப்போதுள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரை 1,037.90 கோடி ரூபாய், இலக்கு 5 கோடிப் பேர். தலைக்கு 207 ரூபாய் சொச்சம். கற்பிப்பவர்கள் தன்னார்வலர்கள், ஊதியம் கிடையாது. அவர்கள் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நாற்பது வயதுப் பெண் வேலை முடித்து, சமைத்து, இரவு எட்டு மணிக்குத்தான் புத்தகத்தைத் தொட முடியும். அந்த நேரத்துக்கு மாதக்கணக்கில் ஒருவர் தொடர்ந்து வரவேண்டும் என்றால் அதற்குக் கூலி வேண்டும். பாதியில் நின்ற வகுப்பில் படித்தவர்கள் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். வங்கிச் செல்லானை நிரப்பும் அளவுக்கு அவர்களுக்கு வாசிப்பு வருவதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் சில கேள்விகளைத் தீர்மான நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். போக்குவரத்து தேவைப்படும் பிள்ளைகளின் பெயர்கள் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பதிவாகியிருக்கின்றனவா? பட்டியல் வட்டார வள மையத்துக்கு எந்தத் தேதியில் போனது? பள்ளி மானியம் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, அதில் கழிப்பறைக்கு எவ்வளவு போனது? ஒரு பெயர் பதிவில் விட்டுப்போயிருந்தால், நிதி வந்த பிறகும் அந்தப் பிள்ளைக்கு வராது. ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் பட்டியலைச் சரிபார்த்துவிட்டால், ஜூனில் வண்டி பேசலாம்.

பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும். ‘ஏன் பணம் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்வியை எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார்கள். இரண்டு தேதிகளைக் கேளுங்கள். மாவட்டத்துக்குப் பணம் வந்த தேதி ஒன்று, பள்ளிக் கணக்குக்கு மாற்றிய தேதி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே மூன்று மாதம் இருந்தால், பணம் தங்கிய இடம் உங்கள் மாவட்டம். முதல் தேதியே பிப்ரவரியில் இருந்தால், சென்னைக்கும் டெல்லிக்கும் எழுத வேண்டிய மனுவுக்கு அந்தப் பதிலையே இணைப்பாக வைக்கலாம்.

வணக்கம்.