நீதிபதி கையெழுத்திடும் முன்

வணக்கம் நேயர்களே.

ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றவர்களிடமிருந்து பிரிந்து அரசின் பொறுப்பில் வேறு வீடுகளில், வளரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தத்தெடுக்கும் குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு என்ன உதவி செய்கிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து ஒப்பந்தத் தாள்களை வரிவரியாகப் படித்துச் சொல்வது என் வேலை. அதனால் முதலிலேயே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். தத்து உதவி வேண்டுமென்றால், நீதிபதி தத்தை உறுதிசெய்து கையெழுத்திடும் முன்பே அதற்கான ஒப்பந்தத்தில் நீங்களும் மாநில நிர்வாகமும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பெரும்பாலும் கிடைக்காது. இந்தக் காரணத்தால் வாய்ப்பை இழந்த குடும்பங்கள் உண்டு.

இதற்கு அடிப்படை 1980-ல் வந்த மத்திய அரசுச் சட்டம். எளிதில் வீடு கிடைக்காத பிள்ளைகளைத் தத்தெடுத்தால் மாதாமாதம் ஒரு தொகையும், பிள்ளைக்கு மெடிக்கெய்டு மருத்துவக் காப்பீடும் கிடைக்க அது வழி செய்தது. இந்தப் பிள்ளைகளைத் தாள்களில் ‘சிறப்புத் தேவை உள்ளவர்’ என்று எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் பெற்றோர் பதறிப் போய், பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள். குறை இருக்க வேண்டும் என்பதில்லை. வயது கூடியிருப்பதே பல மாநிலங்களில் போதுமான காரணம். அண்ணன் தங்கைகளைப் பிரிக்காமல் ஒரே வீட்டில் வைப்பதும் ஒரு காரணம்.

2008 வரை இன்னொரு தடையும் இருந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் எவ்வளவு ஏழைகள் என்று பழைய கணக்கைத் தோண்டிப் பார்த்துத்தான் மத்திய அரசின் பணத்தைக் கொடுப்பார்கள். பெற்றவரின் வருமானத்துக்கும் வளர்க்கப் போகிறவரின் செலவுக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆண்டு வந்த சட்டம் இந்த நிபந்தனையைப் படிப்படியாக எடுத்தது. 2009 அக்டோபரில் முதல் படியாக எடுத்தது 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. பெரிய பிள்ளைகளை முன்வரிசையில் வைத்த ஒரு சில சட்டங்களில் இதுவும் ஒன்று, எனக்கு அதில் மகிழ்ச்சி.

இனி நம் வீடுகளில் நடப்பதற்கு வருகிறேன். “நாங்கள் இரண்டு பேரும் நன்றாகச் சம்பாதிக்கிறோம். காசு வாங்கிக்கொண்டு பிள்ளை வளர்த்தார்கள் என்று நாலு பேர் பேசினால் நன்றாகவா இருக்கும்?” நம்மவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டது என்று சொல்லி உதவியை மறுக்க மத்திய அரசு விதி இடம் தரவில்லை. உதவி பிள்ளையின் பேரில், பிள்ளையின் தேவைக்காக வருவது. தொகை எவ்வளவு என்பதைப் பிள்ளையின் தேவையையும் உங்கள் குடும்பச் சூழ்நிலையையும் வைத்துப் பேசி முடிவுசெய்வார்கள். அதே பிள்ளை ஃபாஸ்டர் கேரில் இருந்திருந்தால் கொடுத்திருக்கும் தொகைக்கு மேல் போகாது.

தேவை என்றால் என்ன? ஒரு பையனின் பல்லைச் சொல்கிறேன். பல்லை நேராக்க ஒரு வீட்டில் இருந்தபோது கம்பி போட்டார்கள். அப்புறம் அவனை வேறு கவுண்டிக்கு மாற்றினார்கள். கம்பியை இறுக்க வேண்டிய தேதிகள் பழைய மருத்துவரிடமே தங்கிவிட்டன, பையன் மட்டும் வந்துவிட்டான். தத்தெடுத்த குடும்பத்திடம் வந்து சேர்ந்தபோது ஒரு பக்கக் கம்பி அறுந்து கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகியிருந்தது. அவன் மறுபக்கத்திலேயே மென்று பழகியிருந்தான், யாரிடமும் சொல்லவில்லை. பல வீடு மாறி வந்த பதினாறு வயதுப் பிள்ளைக்குள் இப்படி எத்தனையோ பாதியில் நின்று போயிருக்கும். படிப்பு, கண்ணாடி, மனநல ஆலோசனை என்று ஒவ்வொன்றையும் சரிசெய்யச் செலவாகும். மெடிக்கெய்டில் இருக்கும் 21 வயதுக்கு உட்பட்ட எவருக்கும், மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சையை, மனநல சிகிச்சை உட்பட, மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது மத்திய அரசுச் சட்டம். அந்த அட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, பணம் நிஜமாகவே வேண்டாம் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. மாதத் தொகை பூஜ்யம் டாலர் என்று எழுதி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். மெடிக்கெய்டு இருக்கும். நாளைக்கே வேலை போனாலோ, பிள்ளைக்குப் புதிதாக ஒரு சிகிச்சை தேவைப்பட்டாலோ, தொகையைத் திரும்பப் பேசலாம். ஒப்பந்தமே போடாத குடும்பத்துக்கு இந்த உரிமை இல்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பூஜ்யம் டாலர் ஒப்பந்தத்தைத்தான்.

ஒப்பந்தத்தைப் பிள்ளையும் படிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். பல மாநிலங்களில் 12 அல்லது 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை சம்மதிக்காமல் தத்து நடக்காது. ஆகவே பேச்சு நடக்கும் மேசையில் அவர்களும் இருப்பார்கள். ஒருமுறை பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தாளை வாங்கி விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். ‘உதவி 18 வயதில் முடியும்’ என்ற வரியில் விரல் நின்றது. “அப்போ எனக்குப் பதினெட்டு ஆனதும் நான் கிளம்பணுமா?” என்று கேட்டாள். பிள்ளையின் விவகாரத்தைக் கவனிக்கும் அலுவலரான கேஸ் வொர்க்கர் விதியை விளக்க ஆரம்பித்தார். தத்தெடுக்கும் அம்மா குறுக்கிட்டார். “காசு நிக்கட்டும்மா. நீ எங்கேயும் போகப் போறதில்லை.” அந்தப் பெண் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். 2021 நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 19,000 பேர் எந்தக் குடும்பத்திலும் சேராமல், வயது முடிந்து ஃபாஸ்டர் கேரிலிருந்து வெளியேறியிருக்கிறார்கள். அவள் பயந்தது அந்த வரிசையில் தானும் நிற்பதை நினைத்துத்தான்.

அந்த வரியைத் தாண்டியும் உதவி நீளலாம். பிள்ளைக்கு 16 வயது ஆன பிறகு ஒப்பந்தம் தொடங்கியிருந்து, உங்கள் மாநிலமும் இந்த ஏற்பாட்டை ஏற்றிருந்தால், உதவியை 21 வயது வரை தொடரலாம். பிள்ளை உயர்நிலைப் பள்ளியை முடித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கல்லூரியிலோ தொழிற்பயிற்சியிலோ இருக்க வேண்டும், அல்லது மாதம் குறைந்தது 80 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும், அல்லது வேலைக்குத் தயார்படுத்தும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டும். உடல்நிலை இவற்றுக்கு இடம் தராவிட்டாலும் உதவி உண்டு. எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை. எனவே உங்கள் மாநிலம் ஏற்றிருக்கிறதா என்று கேஸ் வொர்க்கரிடம் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எனக்கு மனவருத்தம் தரும் ஒரு விஷயம் வருகிறது. பதினைந்து வயது பதினோரு மாதத்தில் தத்து முடிந்த பிள்ளைக்கு இந்த நீட்டிப்பு கிடையாது. கல்லூரிக்கும் பயிற்சிக்கும் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தரும் மத்திய அரசின் கல்வி உதவித் திட்டமும் அதே கோட்டில்தான் நிற்கிறது. 16 வயது ஆனபின் தத்தெடுக்கப்பட்டவர்கள் 26 வயதுக்குள் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் அதைப் பெறலாம், நிதி இருக்கும் வரை. ஒரு மாதம் முன்பே குடும்பம் கிடைத்துவிட்டது என்பதற்காக ஒரு பிள்ளை இரண்டையும் இழப்பது நியாயமில்லை. இந்த வயதுக் கோட்டைச் சட்டம் கீழே இறக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இறக்கும் வரை என்ன செய்வது? பதினாறாவது பிறந்தநாளுக்கு ஆறேழு வாரம்தான் இருக்கிறது, பிள்ளை ஏற்கெனவே உங்கள் வீட்டில்தான் வளர்கிறது என்றால், நீதிமன்றத் தேதியைத் தள்ளிப்போடுவது பற்றிக் கேஸ் வொர்க்கரிடம் பேசலாம். முதலில் பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். சொல்லாமல் தள்ளிப்போட்டால் அதன் மனதில் ஓடுவது ஒன்றுதான், இவர்களும் மனம் மாறிவிட்டார்கள் என்று. ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமென்றால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் குடும்பமில்லாமல் இருப்பதற்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது.

கல்லூரிக்கு இன்னொரு பெரிய சலுகை இருக்கிறது, அதற்குப் பதினாறு வயதுக் கோடு கிடையாது. கல்லூரிக்கு மத்திய அரசின் பண உதவி கேட்டு நிரப்பும் ஃபாஃப்சா படிவத்தில் ஒரு கேள்வி வரும். 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது ஃபாஸ்டர் கேரிலோ நீதிமன்றப் பாதுகாப்பிலோ இருந்தாயா என்று கேட்பார்கள். இருந்திருந்தால், பிறகு தத்தெடுக்கப்பட்டிருந்தாலும், அந்த மாணவர் தனித்து நிற்பவராகக் கருதப்படுவார். பெற்றோரின் வருமானம் கணக்கில் வராது. இரண்டு சம்பளம் வரும் வீடுகளில், சொந்தப் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவி கிடைக்காத அதே வீட்டில், தத்தெடுத்த பிள்ளைக்கு முழு பெல் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஃபாஸ்டர் கேரில் இருந்ததற்கான அத்தாட்சிக் கடிதத்தை வழக்கு முடியும் முன்பே வாங்கி வையுங்கள். கேஸ் வொர்க்கர் மாறிவிட்டால் அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.

மருத்துவத்தில் ஒரு கணக்கு மட்டும் எதிராகப் போகும். 18 வயதில் ஃபாஸ்டர் கேரிலிருந்தே வெளியேறியவருக்கு 26 வயது வரை மெடிக்கெய்டு உண்டு. பதினேழில் தத்தெடுக்கப்பட்டவருக்கு அந்த வழியில் கிடையாது. ஆனால் பெற்றோரின் காப்பீட்டில் பிள்ளைகளுக்கு இடமிருந்தால் 26 வயது வரை அதில் இருக்கலாம். ஆகவே உங்கள் அலுவலகக் காப்பீட்டில் தத்து நடந்தவுடனே பெயரைச் சேர்த்துவிடுங்கள். அதற்கான அவகாசம் குறைவு.

வழக்குச் செலவு, வக்கீல் கட்டணம், வீட்டு ஆய்வு போன்றவற்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 2,000 டாலர் வரை திரும்பக் கிடைக்கும். இதற்கும் கையெழுத்து முன்பே வேண்டும். வருமான வரியில் வரும் சலுகை பெரியது. 2025 ஆம் ஆண்டுக்கு அதிகபட்சம் 17,280 டாலர், அதில் 5,000 டாலர் வரை வரி கட்ட வேண்டியிராதவருக்கும் கையில் கிடைக்கும். மாநிலம் சிறப்புத் தேவை என்று ஒப்புக்கொண்ட பிள்ளை என்றால் செலவு செய்ததற்கு ரசீது காட்டாமலே முழுத் தொகையையும் கேட்கலாம். மாத உதவியைப் போல் இல்லாமல் இதற்கு வருமான வரம்பு உண்டு. 2025-ல் 2,59,190 டாலருக்கு மேல் போனால் குறைய ஆரம்பித்து 2,99,190 டாலரில் நின்றுவிடும். போனஸ் வரும் ஆண்டில் தத்து முடிகிறதா என்று கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்காக மாநிலம் மாறினால் ஒப்பந்தம் உங்களோடு வரும். பணத்தைப் பழைய மாநிலமே அனுப்பும். மெடிக்கெய்டு புதிய மாநிலத்தில் தொடங்கும். கிளம்புவதற்கு முன் பழைய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டால், இடையில் அட்டை இல்லாத நாட்கள் குறையும்.

கடைசியாக, இதையெல்லாம் கேட்டு, “எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே” என்று நினைப்பவர்களுக்கு. தத்து முடிந்துவிட்டாலும் நீங்கள் மாநிலத்திடம் முறையீட்டு விசாரணை கேட்கலாம். உதவி இருப்பதை உங்களிடம் தெரிவிக்காமல் விட்டது, பிள்ளையைப் பற்றித் தெரிந்த முக்கியமான விவரத்தை மறைத்தது, உங்கள் வருமானத்தைக் காட்டி மறுத்தது, இவை விசாரணைக்கு ஏற்கப்படும் காரணங்கள். போகும்போது நீதிமன்ற ஆணை, கேஸ் வொர்க்கர் அனுப்பிய மின்னஞ்சல்கள், பிள்ளையின் பழைய மருத்துவ, பள்ளிக் குறிப்புகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார்கள் என்று தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விசாரணை கேட்பதற்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆகவே இந்த வாரமே ஃபோன் செய்து கெடு என்னவென்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.