அடியாரும் அடிவருடியும்

பெரியோர்களே, தாய்மாரே, இடமில்லாமல் பின்னால் நிற்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒருவரை நம்பி அவர் பின்னால் போகிறவர்களுக்குத் தமிழில் உள்ள பெயர்களைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். திருகோணமலையில் நின்றுகொண்டு இதற்காக வேறெங்கும் தேடிப் போகத் தேவையில்லை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் நம் கோணேசரைப் பாடினார். இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. அந்தப் பதிகத்தில் ஓரிடம், "தாயினும் நல்ல தலைவரென் றடியார் தம்மடி போற்றிசைப் பார்கள்". ஒரே வரியில் தலைவரும் வந்தாயிற்று, அடியாரும் வந்தாயிற்று. பிறகு நடந்த கூத்தெல்லாம் இந்த இருவருக்கும் நடுவில்தான்.

சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது நிறைகுடம் வைத்து வாசலில் நிற்கிறோமே, அப்போது ஒலிபெருக்கியைக் கவனியுங்கள். "பக்த அடியார்களே" என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகை "பக்தர்கள் குவிந்தனர்" என்று எழுதும். நம் பேப்பர்காரருக்கு அடியார்தான் கைக்கு வரும். இந்தச் சொல்லை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ளவும் முடியும்: அடியேன். சுந்தரர் இன்னும் ஒரு படி இறங்கி, "அடியார்க்கும் அடியேன்" என்றார். தெய்வத்தைப் பணிவது இருக்கட்டும், அதே தெய்வத்தைப் பணிகிற அடுத்த ஆளையும் பணிவது சின்ன விஷயமா?

சரி, அதே அடியை வைத்துக்கொண்டு ஒருவரை அடிவருடி என்று சொல்லிப் பாருங்கள். கைகலப்பில் முடியும். தேர்தல் காலத்தில் தேநீர்க்கடையில் கேட்கலாம். நம் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவர் தீவிர ஆதரவாளர். எதிர்க்கட்சிக்கு ஒட்டுகிறவன் எடுபிடி, ஜால்ரா, பந்தம் பிடிக்கிறவன். பசைவாளி ஒன்றுதான். இதில் பந்தமும் ஜால்ராவும் கோயில் சாமான்கள். சுவாமி வீதிவலம் வரும்போது பந்தம் பிடிப்பவருக்கு மரியாதை உண்டு. அதே வெளிச்சத்தை அமைச்சர் முகத்துக்குப் பிடித்தால் வசவு. சிங்களத்திலும் 'பந்தங்காரயா' என்கிறார்கள். யார் யாரிடம் வாங்கினோமோ, இரண்டு பக்கமும் பந்தத்துக்குப் பஞ்சமில்லை.

தொண்டர் என்ற சொல்லுக்கு நம் பகுதியில் நேர்ந்தது வேறு கதை. சேக்கிழார் தம் நூலுக்கு வைத்த பெயர் திருத்தொண்டர் புராணம். நமக்கோ தொண்டர் என்றதும் தொண்டர் ஆசிரியர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். யுத்த காலத்தில் ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடங்களில் சொற்பக் காசுக்கோ, அதுவும் இல்லாமலோ படிப்பித்தவர்கள் அவர்கள். நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் உட்கார வேண்டியிருந்தது. 'தொண்டு என்றுதானே வந்தீர்கள்' என்று கேட்க அந்தப் பெயரே இடம் கொடுத்துவிடுகிறது. பக்திச் சொல்லை எடுத்து உத்தியோகத்துக்கு வைத்தால், சம்பளம் கேட்பவர் ஏதோ பிழை செய்தவர்போல் ஆகிறார். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நம் ஊரைக் கடந்து வெருகல் வழியாகப் போவார்கள். வழியில் ஒருவரையொருவர் கூப்பிடுவது 'சாமி' என்று. அதில் உத்தியோகத்தரும் சாமி, மீன்பிடிக்கிறவரும் சாமி. முருகனைத் தேடி நடக்கிறவருக்கே முருகனின் மரியாதை. வீட்டுக்குத் திரும்பினால் பட்டம் காலி, அது வேறு.

இனி தம்பிமாருக்கு. ரசிகர் என்றால் ரசம் அறிந்தவர், தாளம் தப்பினால் முகம் சுளிக்கத் தெரிந்தவர். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கும் இப்போது அதே பெயர்தான். ஆனால் படம் சரியில்லை என்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. விசிறி என்றும் சொன்னார்கள், ஆங்கில 'ஃபேன்' என்பதைக் காற்று வீசுகிற சாமானாக்கி. அந்த ஃபேனோ 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம் என்கிறார்கள். அதற்கு மூலம் லத்தீனில் கோயிலைக் குறிக்கும் 'ஃபானும்'. அங்கேயும் கோயில்தான், பாருங்கள்.

வெறியன் பட்ட பாடுதான் பெரிய பாடு. சங்கப் பாட்டில் வெறியாட்டு என்பது முருகன் பெயரால் வேலன் ஆடுவது. நம் பேச்சில் வெறி என்றால் சாராயம். வெறிக்குட்டி என்று யாரைச் சொல்வோம் என்பது சபைக்குத் தெரியும். அப்புறம் சாதிவெறியர், இனவெறியர் என்று மேடையேறியது. அது அடுத்தவர்மேல் எறிகிற சொல். தன்னைத் தானே அப்படிச் சொல்லிக்கொண்டவர் இல்லை. இப்போது கடற்கரையில் ஒரு தம்பி டீசேர்ட்டில் தன் நடிகரின் பெயரை அடித்து, கீழே 'வெறியன்' என்றும் அடித்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார். 'வெறித்தனம்' என்றால் பாராட்டு.

தாழ்வான சொல்லைத் தானாக எடுத்துப் பெயராக வைத்துக்கொள்வது புதிதல்ல. ஓர் ஆழ்வார் தன்னைத் தொண்டரடிப்பொடி என்றார், தொண்டர்களின் காலடித் தூசி என்று. அவர் தூசியாகக் கிடந்தது தன்னைப் போன்ற மற்றத் தொண்டர்களின் காலடியில். நம் டீசேர்ட்டுத் தம்பிக்கு எதிரே மற்ற நடிகரின் டீசேர்ட் வந்தால் என்ன நடக்கும் என்று பின்னால் நிற்பவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது.